ஓணானைக் கேட்டு வேலை செய்தவர்

கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கத் தேடினாலும், ஓணானிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு வேலை பார்த்த இன்னொரு மனிதரை நீங்கள் கண்டுபிடிக்க முடியாது. மேலாளர் சொன்னால் கேட்க மாட்டார். குத்தகைக்காரர் போன் செய்தால் எடுக்க மாட்டார். வேலியில் உட்கார்ந்திருக்கும் ஓணான் இடம் மாறினால் மட்டும், கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்துவிடுவார்.

அவர் பெயர் டிகிரி. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். பெட்டாலிங் ஜெயாவிலிருந்த எங்கள் சரக்கு நிறுவனத்தில் பல்கலைக்கழகம் போய்வந்தவர்கள் பதினெட்டு பேர் இருந்தோம். எங்களில் ஒருவரையும் யாரும் டிகிரி என்று கூப்பிட்டதில்லை. இவரை மட்டும்தான் கூப்பிட்டோம். காரணம், வாயைத் திறந்தால் டிகிரிக் கணக்குதான். "இந்த ரூம் இருபத்தோரு டிகிரி." "அந்தச் சுவர் முப்பத்தி ரெண்டு டிகிரி." "உங்க தே தாரேக் அறுபது டிகிரி, ஊதிக் குடிங்க."

எங்கள் நான்கு மாடிக் கட்டடத்தின் ஏர்கோன்களுக்கு என்னைவிட வயது அதிகம் இருக்கும் என்று நினைப்பேன். எனக்கு அப்போது ஐம்பத்தொன்று. வாரம் ஒன்று மூச்சை நிறுத்தும். அதனால் பராமரிப்புக் குத்தகைக்காரர் இவரை எங்களிடமே நிரந்தரமாக விட்டுவைத்திருந்தார். நான் நிர்வாகப் பிரிவுத் தலைவி. அதாவது டிகிரியை வேலை வாங்குவது என் பொறுப்பு. இதைச் சிரிப்பாக எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போகப் போக எனக்கு முகம் தொங்கிவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் அவர் வந்தபோது, "ஆபீஸ் ரொம்பக் குளிருது" என்று கணக்குப் பிரிவு சாரதா புகார் சொன்னாள். வேறு எந்த ஆளாக இருந்தாலும் ஏர்கோனைப் பார்ப்பார். இவர் போட்டோஸ்டாட் மெஷினுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஏழு பல்லி இருக்கு மேடம்."

"நான் ஏர்கோனைப் பார்க்கச் சொன்னேன்."

"அதைத்தான் பார்க்கிறேன். இதுங்களுக்கு நம்ம மாதிரி உடம்புக்குள்ள அடுப்பு கிடையாது. வெளியே என்ன சூடோ, அதான் அதுங்க சூடு. குளிர் அதிகமானா சாப்பிட்ட கொசு கூட செரிக்காது. அதான் ஏழும் மெஷின் சூட்டுல முதுகைக் காய வைக்குதுங்க. பத்தொம்பதுக்கு வெச்சது யாரு?"

வைத்தது நான். அந்த வயதில் பெண்களுக்கு வரும் உபத்திரவம் அப்போது எனக்கு உச்சத்தில் இருந்தது. உட்கார்ந்த இடத்தில் காது மடலில் தீப்பிடிக்கும், கழுத்து வேர்க்கும், புடவைத் தலைப்பால் விசிறிக்கொள்வேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. ரிமோட்டை மட்டும் கைப்பையில் வைத்துப் பூட்டிக்கொண்டேன்.

அவரிடம் துப்பாக்கி போன்ற ஒரு வெப்பமானி இருந்தது. ஏர்கோன் காற்றுக்குக் காட்ட வேண்டியதை அவர் பல்லிகளுக்குக் காட்டுவார். ஒருமுறை சிங்கப்பூரிலிருந்து முக்கியமான வாடிக்கையாளர் வந்து கூட்ட அறையில் உட்கார்ந்திருந்தார். டிகிரி கதவைத் திறந்தார், நேராக அவர் தலைக்குக் குறிவைத்தார். பெருந்தொற்றுக் காலத்துப் பழக்கம் விடுமா? வாடிக்கையாளர் பவ்யமாக நெற்றியை நீட்டினார்.

"சோரி போஸ், கொஞ்சம் தள்ளுங்க. உங்களுக்கு இல்ல, பின்னால இருக்கிறவருக்கு."

பின்னால் சுவரில் ஒரு குண்டுப் பல்லி. வாடிக்கையாளர் திரும்பிப் பார்த்துவிட்டு நாற்காலியோடு என் பக்கம் வந்துவிட்டார்.

இன்னொரு நாள் அதே அறையில் மாதாந்திரக் கூட்டம். குளிர்க்காற்று வரும் வாய்க்கு நேர் கீழே எங்கள் பொது மேலாளர் உட்கார்ந்திருந்தார். பொத்தென்று அவர் வலது தோளில் ஒரு பல்லி விழுந்தது. அவர் எழுந்து ஆடிய ஆட்டத்தைச் சொன்னால் அவர் மரியாதை கெடும். சாரதாவுக்கோ ஒரே சந்தோஷம். தினசரி காலண்டரின் பின்பக்கத்தில் பல்லி விழும் பலனை மனப்பாடம் செய்து வைத்திருப்பவள் அவள்.

"வலது தோள், வெற்றி சார்! இந்த மாதம் நமக்குப் பெரிய ஓர்டர் வரும்!"

வாசலில் ஏணியோடு நின்ற டிகிரி சொன்னார்: "வெற்றி இல்லக்கா, விறைப்பு. பதினெட்டு டிகிரில அதுக்குக் கால் மரத்துப் போச்சு. பிடி விட்டுருச்சு, விழுந்துருச்சு."

பல்லியை உள்ளங்கையில் எடுத்துப் போய் போட்டோஸ்டாட் மெஷின் மேல் வைத்தார். கூட்டத்தை விட்டுவிட்டு எல்லோரும் அதைச் சுற்றி நின்றோம். பத்து நிமிடம் கல்லாகக் கிடந்தது. பிறகு ஒரு கால் அசைந்தது, வால் நெளிந்தது, விருட்டென்று ஓடிப்போயிற்று. பொது மேலாளர் கைதட்டினார். அந்த உற்சாகத்திலேயே, "இனிமேல் இந்த ஆபீஸில் இருபத்து நான்குக்குக் கீழே யாரும் வைக்கக்கூடாது" என்று உத்தரவு போட்டுவிட்டார். ரிமோட்டுக்குப் பூட்டுப் பெட்டி வந்தது. சாவி டிகிரியிடம் போனது.

ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஒரு பல்லிக்காக நான் தினமும் வேர்த்து வழிய வேண்டுமா என்று மனசுக்குள் கருவிக்கொண்டேன். அன்றிலிருந்து அவரை மட்டம் தட்ட எந்தச் சந்தர்ப்பத்தையும் நான் விடவில்லை. "டிகிரி சார், ஓணான் சாப்பிட்டாச்சா?" என்பேன். பக்கத்திலிருப்பவர்கள் சிரிப்பார்கள். அவர் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு பதில் சொல்வார்.

"இன்னும் இல்ல மேடம். வெயில் ஏறினாத்தான் அதுக்குப் பசி."

கார் நிறுத்தும் இடத்தின் வேலியில் காகிதப்பூச் செடி படர்ந்திருந்தது. அங்கேதான் அந்த ஓணான். காலையில் நான் காரை விட்டு இறங்கும்போது டிகிரி அதன் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். போகிற போக்கில் என்னைப் பிடித்து வைத்துப் பாடம் எடுப்பார்.

"பாருங்க மேடம், காலைல கறுத்துப் போய் இருக்கு. சூட்டை நல்லா இழுக்கிறதுக்கு. உடம்பை முழுசா வெயிலுக்குக் காட்டி நிக்கும். ஒன்பது பத்து மணிக்கு வெளுத்துடும். அப்புறம் மூஞ்சியை மட்டும் சூரியன் பக்கம் திருப்பிக்கும், வெயில் கொஞ்சமாத்தானே படும்? அதுக்கும் மேல போனா நிழலுக்குள்ள போய் வாயைத் திறந்துக்கிட்டு உட்காரும். அதுதான் அதோட ஏர்கோன். ஓணான் வாயைத் திறந்துருச்சுன்னா நான் மாடிலேர்ந்து இறங்கிடுவேன்."

எங்கள் ஏர்கோன்களின் வெளிப்பெட்டிகள் எல்லாம் மொட்டை மாடியில் இருந்தன. பதினொரு மணிக்கு மேல் டிகிரி மேலே இருக்க மாட்டார் என்பது ஊரறிந்த ரகசியம். நாலரைக்கு மேல் மறுபடி ஏறுவார். சோம்பேறித்தனத்துக்கு ஓணானைச் சாட்சி வைக்கிறார் என்று நான் சாரதாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்த வெயில் வந்தது. உங்களுக்கும் நினைவிருக்கும். பள்ளிகளில் பிள்ளைகளைத் திடலில் விளையாட விடவில்லை. பிரிக்பீல்ட்ஸ் பூமாலைக் கடைகளில் மல்லிகை மதியத்துக்குள் கருகியது. என் வீடு அந்தப் பக்கம்தான். அந்த நாட்களில் டிகிரியின் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"ஓணான் இளைச்சுப் போச்சு மேடம்."

"டயட்ல இருக்கோ என்னவோ."

"இல்ல மேடம், நம்ம ஊர் ஓணானுக்கு நம்ம ஊர் சூடே கடைசிப் படி. இன்னும் ரெண்டு டிகிரி ஏறினா எட்டு மணிக்கே நிழலுக்கு ஓடணும். நாள் பூரா நிழல்லயே உட்கார்ந்திருந்தா எப்ப வெளிய வந்து சாப்பிடும்? குளிர் ஊர்ல உள்ளது இன்னும் கொஞ்சம் தாங்கும். இதுக்கு ஏற இடம் இல்ல."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நடந்தேன்.

இரண்டு நாள் கழித்து, காலை பதினொன்றரைக்கு, மூன்றாவது மாடி ஏர்கோன் நின்றது. என் மாடி. இரண்டு மணிக்குத் தலைமை அலுவலகத்து ஆட்கள் வருவதாக இருந்தது. அதைவிடப் பெரிய காரணம், எனக்கு உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்தால் அனல். விசிறினால் அனல். பன்னிரண்டரைக்கு டிகிரியைக் கூப்பிட்டேன். முழு ஆபீஸும் கேட்கிற மாதிரிதான் பேசினேன்.

"மேலே போய் இப்பவே பாருங்க."

"மேடம், நாலரைக்கு ஏறி அரை மணியில முடிச்சுத் தரேன். இப்ப முடியாது. ஓணான் எட்டரைக்கே உள்ள போயிருச்சு. மாடித் தரையைக் காலைலயே வெப்பமானியால சுட்டுப் பார்த்தேன், அம்பத்தெட்டு டிகிரி."

"நீங்க மனுஷனா, ஓணானா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஊக்கம் கொடுத்தது.

"ஓணானுக்கு நாங்க சம்பளம் குடுக்கல. உங்களுக்குத்தான் குடுக்கிறோம். போக முடியலன்னா சொல்லுங்க, வேற ஆளை அனுப்பச் சொல்றேன்."

அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. காற்று வராத ஏர்கோனைப் பார்ப்பாரே, எங்கே கோளாறு என்று தேடுகிற அந்தப் பார்வை. "சரி லா மேடம்" என்றார். கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு படியேறினார்.

ஒன்றரை மணி ஆயிற்று. ஏர்கோன் வரவில்லை. போனையும் அவர் எடுக்கவில்லை. திட்டுவதற்காகத்தான் நான் மேலே போனேன். இதை மறைக்க மாட்டேன். வாக்கியத்தைக் கூடப் படியேறும்போதே தயார் செய்துகொண்டேன்.

இரும்புக் கதவைத் தள்ளியதும் கண் கூசியது. வெளிப்பெட்டி ஒன்றின் பக்கத்தில், ஒரு சாண் அகல நிழலில், டிகிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை உலர்ந்திருந்தது. முகத்தில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. வாய் திறந்திருந்தது.

என் வாயிலிருந்து வந்தது நான் தயாரித்த வாக்கியம் இல்லை. "அண்ணே!" என்று கத்தினேன். மூன்று வருஷத்தில் முதல்முறையாக அவரை அப்படிக் கூப்பிட்டேன். அவர் கண்ணைத் திறந்து, "மணி அடிச்சாச்சா டீச்சர்?" என்றார். யாரோ டீச்சர், எந்தக் காலத்து மணியோ. சாரதாவும் செக்குரிட்டிக்காரரும் ஓடி வந்தார்கள். மூவருமாக அவரைப் படிக்கட்டு நிழலுக்கு இழுத்து, தண்ணீர்க் கலனைக் கொண்டுவந்து தலையிலிருந்து ஊற்றினோம். ஆம்புலன்ஸ் வந்தது.

பிழைத்துக்கொண்டார். இரண்டு நாள் சிறுநீரகம் பயமுறுத்தியது, பிறகு வழிக்கு வந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு அப்புறம் நடந்தது.

மறுநாள் பொது மேலாளர் கேட்டார்: "அந்த நேரத்துக்கு அவரை யார் மேலே அனுப்பியது?"

"அவராகத்தான் போனார் சார்."

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? கொட்டாவி மாதிரி வந்தது. முந்தின நாள் நான் கத்தியதைக் கேட்ட பத்துப் பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விபத்துப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். முதல் கட்டத்தில் 'முழுப் பெயர்' என்றிருந்தது. மூன்று வருஷமாக என் கண் முன்னால் நடமாடிய மனிதரின் பெயர் எனக்குத் தெரியவில்லை. குத்தகைக்காரருக்குப் போன் செய்து கேட்டு எழுதினேன். அதற்குக் கீழே, 'மேற்பார்வையாளர் அறியாமல், பாதுகாப்பு விதியை மீறி, தாமாகவே மொட்டை மாடிக்குச் சென்றார்' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன்.

அதில் அவர் கையொப்பம் வேண்டியிருந்தது. ஆரஞ்சுப் பழங்களோடு மருத்துவமனைக்குப் போனேன். அவர் ஒரு விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். அந்த வரி வந்ததும் விரல் நின்றது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். விரல் மறுபடி நகர்ந்தது.

"பேனா இருக்கா மேடம்?"

கையெழுத்துப் போட்டார். விதியை மீறியவர் என்று குத்தகைக்காரர் அவரை நீக்கிவிட்டார். வேறு ஆள் வந்து ஏர்கோனைச் சரி செய்தார். பூட்டுப் பெட்டியின் சாவி என்னிடம் வந்தது. பதினெட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதும் வேர்த்தது.

நான்கு மாதம் ஓடியது. ஒருநாள் பாதுகாப்புப் பயிற்சி வைத்தார்கள். வெளியிலிருந்து வந்த பயிற்றுநர் திரையில் ஒரு தாளைக் காட்டினார். தலைப்பு: 'தொழிலாளர் கவனக்குறைவு: ஓர் உதாரணம்'. கீழே என் கையெழுத்து. மேலே அவர் முழுப் பெயர்.

"பல்லி பார்த்த ஆள்தானே?" என்றது பின்வரிசை. சிரிப்பு பரவியது.

நான் எழுந்து நின்றேன். துணிச்சலால் இல்லை; உட்கார முடியவில்லை. "அவர் தானாகப் போகவில்லை. போக மாட்டேன் என்றார். நான்தான் மிரட்டி அனுப்பினேன். அதில் இருப்பது பொய்" என்றேன். பக்கத்திலிருந்த சாரதாவின் கையிலிருந்த பிஸ்கட் தேநீரில் விழுந்து கரைந்தது. அவள் மெதுவாக எழுந்தாள். "நானும் கேட்டேன் சார். கேட்டுக்கிட்டு சும்மா இருந்தேன்" என்றாள்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. படிவத்தைத் திருத்தினார்கள். வெயில் காலத்தில் பதினொன்றிலிருந்து நான்கு வரை மொட்டை மாடிக்கு யாரும் போகக்கூடாது என்று கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள். டிகிரியைத் திரும்ப அழைக்கச் சொல்லிக் குத்தகைக்காரருக்கும் எழுதினார்கள். டிகிரி வரவில்லை. கிள்ளானில் வேலை கிடைத்துவிட்டதாம்.

அந்த ஞாயிறு ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன். பாசார் பக்கத்தில் மீன்களைப் பதப்படுத்தும் குளிர் அறை. அதன் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. வாசலில், வெயிலில், கம்பளிக் குல்லாவோடு ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணே."

திரும்பினார். "மேடம்! வாங்க, வாங்க. உள்ள மைனஸ்ல இருக்கு. இருபது நிமிஷத்துக்கு ஒருக்கா வெளிய வந்து காஞ்சுக்குவேன். நிழல்ல நில்லுங்க, உங்களுக்குச் சூடு ஆகாது."

எனக்குச் சூடு ஆகாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? கேட்டேன்.

"சுவத்தையே அளக்கிறவனுக்கு மனுஷி தெரியாதா மேடம்? மதியம் ஆனா உங்க காது சிவந்துடும். அதான் கூட்டம் இல்லாதப்ப உங்க மாடியை மட்டும் இருபத்திரண்டுக்கு இறக்கி வைப்பேன். பொது மேலாளர்கிட்ட சொல்லிடாதீங்க."

நான் பேசுவதற்குத் தயார் செய்து வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. கடைசியில் குழந்தை மாதிரி ஒப்பித்தேன்: "நான் பொய் எழுதினேன் அண்ணே."

"தெரியும் லா. படிச்சேனே."

"அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

அவர் குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். "மேடம் என்னைப் பார்க்காம ஜன்னலையே பார்த்துக்கிட்டு இருந்தீங்க. உங்களுக்கு இந்த வேலை போயிடுமோன்னு பயம். எனக்கு வேற வேலை கிடைக்கும்னு தெரியும். என்ன, கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு. வீட்டுல ரெண்டு நாள் சாப்பிடல. இப்ப சரியாப் போச்சு."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எதிர்க்கடையில் தே தாரேக் வாங்கிக் கொடுத்தார்.

இப்போதெல்லாம் மாதத்தில் ஒரு ஞாயிறு போய்விடுகிறேன். மீன்காரர்கள், லோரிக்காரர்கள் என்று யார் வந்தாலும் என்னைக் காட்டி, "எங்க பழைய ஆபீஸ் மேடம், ரொம்ப நல்ல மனசு" என்று அறிமுகம் செய்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டு தே தாரேக்கைக் குடிக்கிறேன். ஒருநாளாவது, "இல்லை, அப்படி இல்லை" என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவர் வருத்தப்படுவாரே என்றுதான் பேசாமல் இருக்கிறேன்.